பாலைவனப் புழுதியும் அண்ணையின் சங்கும்

எங்கள் தெருவில் கார் கழுவுகிற நாள் சனிக்கிழமை. அந்த வசந்தத்தில் மட்டும் ஒரு வியாழக்கிழமை காலையிலேயே ஆளுக்கொரு வாளியோடு வெளியே வந்துவிட்டார்கள். முதல்நாள் இரவு லேசாகத் தூறியிருந்தது. விடிந்து பார்த்தால், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வரிசை வீடுகளின் முன்னால் நின்ற கார்கள் அத்தனையிலும் செம்மண்ணைக் கரைத்துத் தெளித்த மாதிரிப் புள்ளிகள். வெள்ளைக் கார்க்காரர்களின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சகாராவிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்த புழுதி, தூறலோடு இறங்கியிருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும் அடுத்த பாடத்துக்குத் தட்டுகளை அடுக்கி வைப்பதும்தான் பெரும்பாலும் வேலை. ஆனால் அந்த இடத்தில் நெடுநாள் இருந்தால் எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கவும் பெரிதாக்கிப் பார்க்கவும் கை துறுதுறுக்கும். வேண்டாததைத் துருவி அறிகிற இதற்கு வீட்டில் விடுப்புப் பார்ப்பது என்று பெயர். மற்றவர்கள் அடுத்த வீட்டு விடுப்புப் பார்ப்பார்கள், நான் அடுத்த கண்டத்து விடுப்புப் பார்க்கிறேன், அவ்வளவுதான். செலோ டேப் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு எங்கள் காரின் பொனட்டில் ஒட்டி எடுக்கப் போனேன்.

அப்போது அண்ணை வெளியே வந்தார். என் கூடப்பிறந்தவர், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். கலியாணம் கட்டவில்லை. எங்கள் வீட்டு மேலறையில் இருக்கிறார். கழுத்தில், கோடையோ குளிரோ, ஒரு கட்டம் போட்ட பழைய சால்வை. பொனட்டில் ஒற்றை விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலையும் பெருவிரலையும் சேர்த்துத் தேய்த்தார். பிறகு, நான் தடுக்குமுன்பே, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சீ, அண்ணை. என்ன வேலை இது?"

"இது நைஸ் சாமான்," என்றார். "பல்லில நறநறக்கேல்லை. நறநறக்கிறது எண்டால் பயமில்லைப் பிள்ளை, துப்பினால் போயிடும். பல்லுக்குத் தெரியாமல் போறதுதான் உள்ளுக்கை போய்க் குந்துறது."

அவர் இதைச் சொன்ன விதம், ஊரில் தெரிந்த ஒருவரைத் தெருவில் கண்டுவிட்ட மாதிரி இருந்தது. உடனே அவருக்கு இருமல் எழும்பியது. வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனார். மேலே குளியலறைக் கதவு சாத்துப்பட்டது. தண்ணீர்க் குழாய் முழு வேகத்தில் திறந்தது.

அந்தக் குழாய்ச் சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். அண்ணை மற்றவர்கள் முன்னால் இரும மாட்டார். ஒரு தரம் செருமுவார், பிறகு எழுந்து போய்விடுவார், குழாய் ஓடும், கண் சிவக்கத் திரும்பி வந்து "சும்மா சளி, தடிமன்" என்பார். லண்டன் வந்த நாளிலிருந்து அவருக்குத் தடிமன். எங்கள் ஆட்களுக்கு எந்த இருமலும் தடிமன்தான். எந்தத் தடிமனுக்கும் இந்த ஊர்க் குளிர்தான் காரணம். குளிர் இல்லாத ஓகஸ்ட் மாதத்திலும் ஏன் தடிமன் பிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, விடுப்புக்காரியான நான் உட்பட. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, செலோ டேப்பைக் கையில் பிடித்தபடி அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணையின் மூச்சைப் பற்றிப் பேசுவதென்றால் சங்கைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எங்கள் கோவிலில் சங்கு ஊதுகிறவர் அவர். சம்பளத்துக்கு இல்லை, தொண்டுக்கு. லண்டன் வந்த வருஷம் யாரோ ஒருவர் விடுமுறையில் போக, அவருக்குப் பதிலாக ஊதப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வாழ்க்கையில் அவர் தனக்கென்று பெருமைப்பட்டு நான் கண்டது அது ஒன்றைத்தான். எங்கள் கோவிலில் தேர் அன்று ஒரு வழக்கம் உண்டு. தேருக்கு முன்னால் நின்று மூன்று தரம் சங்கு ஊத வேண்டும். மூன்றாவது முடிந்த பிறகுதான் வடத்தை இழுப்பார்கள். அந்த மூன்றாவதை அண்ணை ஊதினால், பெற்றோல் நிலையத்துச் சந்தி வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

போன வருஷத் தேரில் மூன்றாவது பாதியில் அறுந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. சரியாக அந்த இடத்தில் தவில் கிடுகிடுவென்று எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்து பிறகு தவில்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணைதான் முன்னமே சொல்லி வைச்சவர் அக்கா. மூண்டாவதுக்கு நான் தலையைச் சரிச்சால் பலமா அடி எண்டு," என்றார். இந்த வருஷத் தேருக்கு என்ன செய்யப்போகிறார் என்பது எனக்கு அன்றிலிருந்தே ஒரு பயம். சங்கை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அண்ணை மேலறையை விட்டு இறங்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

புழுதி ஒட்டிய டேப்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். கூடவே இன்னொரு டேப்பும் கொண்டுபோனேன். எங்கள் கட்டிலுக்கு அடியில் அண்ணையின் பெரிய சூட்கேஸ் ஒன்று கிடக்கிறது. அவர் இளமையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் வளைகுடா நாடொன்றில், ஊர்களுக்கு வெகு தொலைவில், பாலைவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே இருந்து கொண்டுவந்த பெட்டி அது. எத்தனையோ தரம் துடைத்திருக்கிறேன். இருந்தாலும் உள்துணியின் மூலையில் விரலை விட்டால் இன்னும் ஒரு மென்மையான மாவு ஒட்டும். அதைத்தான் ஒட்டி எடுத்தேன்.

மதிய இடைவேளையில் இரண்டையும் மாறி மாறி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியில் இருந்தது தேன் நிறத்தில், நொறுங்கிய சீனி மாதிரி, சில துண்டுகள் கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூராக. காரில் இருந்தது அதைவிடப் பொடி. அதற்கு நடுவே கரிய துகள்கள் நிறைய. அவை எங்கள் தெருவின் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். எது சகாரா, எது இல்ஃபோர்ட் என்று என்னால் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. ஒரு கண்டத்தின் மண் எப்படி எழும்பி, கடலைத் தாண்டி, ஒருவருக்கும் பாரமாக இல்லாமல் வந்து என் பொனட்டில் இறங்குகிறது? அவ்வளவு தூரம் காற்றில் மிதக்கிற அளவுக்கு இலேசானது, மூச்சோடு உள்ளே போனால் எங்கே போய் இறங்கும்? அண்ணை சொன்ன அந்தப் பல்லுக் கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு காலையில் தெருவையே அல்லோலகல்லோலப்படுத்திய அந்தச் சாமானுக்குள்தான் அவர் பதினைந்து வருஷம் மூச்சு விட்டிருக்கிறார்.

அன்று மாலையே அண்ணையைப் பிடித்தேன். நான் பிடித்தால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் டொக்டரிடம் போனார். டொக்டர் ஊதல் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு குழாயில் வாய் வைத்து ஊத வேண்டும், எவ்வளவு காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று இயந்திரம் கோடு போடும். எனக்கு வேலை இருந்ததால் அவர் தனியாகத்தான் போனார். போகும்போது நல்ல உற்சாகம். ஊதுகிற சோதனை அல்லவா.

திரும்பி வந்தபோது முகம் இருண்டிருந்தது. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"நான் ஒழுங்கா முயற்சி செய்யேல்லையாம்," என்றார். "அந்த நேர்ஸ் பிள்ளை திருப்பித் திருப்பிச் சொல்லுது. கணக்கு எடுக்க ஏலாதாம். திரும்ப வரட்டாம். எனக்கு ஊதத் தெரியாதாம்."

"அப்பிடியே சொன்னவ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. ஆனால் அதுதானே அர்த்தம். நான் இனிப் போகமாட்டன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அதைவிட, என்னதான் நடந்திருக்கும் என்று அறிய ஆவல் வந்தது. அலுமாரிக்கு மேலே பரிசு சுற்றுகிற காகிதம் முடிந்து வெறும் அட்டைக்குழாய் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் கையில் கொடுத்தேன். "அங்கை எப்பிடி ஊதினீங்களோ அப்பிடியே ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ."

முறைத்தார். பிறகு வாங்கினார். நிமிர்ந்து இருந்தார். வயிற்றை இழுத்து மூச்சை உள்ளே எடுத்தார். உதடுகளைக் குவித்து, குழாயின் ஓரத்தில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப, காற்றை நூல் நூலாக வெளியே விடத் தொடங்கினார். கண் மூடியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். கேத்திலில் தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் அந்த நூல் அறவில்லை.

நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். அண்ணை அங்கே போய்ச் சங்கு ஊதியிருக்கிறார். அவர்கள் கேட்டது, உள்ளே இருக்கிற அத்தனையையும் ஒரே மூச்சில், பலமாக, வெளியே தள்ளச் சொல்லி. இவரோ கோவில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரிக் காற்றைப் பக்குவமாக மிச்சம் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறார். முயற்சி செய்யவில்லை என்று நேர்ஸ் சொன்ன அந்த ஊதலில்தான் அவருடைய இவ்வளவு வருஷ முயற்சியும் இருந்தது.

"அண்ணை, நீங்கள் ஊதினது மிச்சம் பிடிக்கிற ஊதல். அவை கேக்கிறது ஒரேயடியாக் கொட்டுற ஊதல். பிறந்தநாள் கேக்கில மெழுகுதிரி எல்லாத்தையும் ஒரேதரத்தில அணைக்கிற மாதிரி."

அவர் அட்டைக்குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரேயடியாக் கொட்டினால் பிறகு என்னத்தை வைச்சு ஊதுறது?" என்றார்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. என் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருக்கிறது கொஞ்சம் என்று தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார்.

அதன் பிறகு மறுசோதனைக்கு அவரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, அவருடைய ரோசம். ஊதத் தெரியாதவன் என்ற பெயரோடு இருக்க அவரால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் திகதி கிடைப்பதற்குள் கோடை வந்துவிட்டது. தேருக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இம்முறை லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். குழாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக்கச் சொன்னார்கள். சோதனை செய்தவர் நல்ல உயரமான, கலகலப்பான மனிதர். தள்ளுங்கள், இன்னும் தள்ளுங்கள், நிறுத்தாதீர்கள் என்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்தினார். அண்ணை கண் பிதுங்க, முகம் கறுக்க, இருந்தது எல்லாவற்றையும் கொட்டினார். முடிந்ததும் மூச்சு வாங்க வாங்க என்னைப் பார்த்து, "வடம் பிடிக்கிற ஆக்கள் மாதிரிக் கத்துறார்," என்றார்.

திரையில் கோடு வந்தது. சுகமான மூச்சு என்றால் கோடு மலையில் ஏறி நேராக இறங்குவது போல இருக்கும் என்று அந்த மனிதர் எனக்குக் காட்டினார். விடுப்புக்காரி என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். அண்ணையின் கோடு ஏறியதும் சரிந்து, நடுவில் பள்ளமாகத் தொய்ந்து, மெல்ல மெல்ல நெடுநேரம் இழுபட்டது. மருந்தை உறிஞ்சச் சொல்லி, சற்று நேரம் கழித்து மீண்டும் ஊத வைத்தார்கள். தொய்வு கொஞ்சம் நிமிர்ந்தது, ஆனால் கொஞ்சந்தான்.

அங்கே எங்களைப் பார்த்த டொக்டர் தமிழ்நாட்டுப் பெண். எங்கள் பெயரைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"சிகரெட் பழக்கம் உண்டா சார்?"

"ஒரு நாளும் இல்லை."

"என்ன வேலை பாத்தீங்க?"

"பெற்றோல் செட்டில. காசு வாங்கிற மேசையில நிக்கிறது. இப்ப விட்டிட்டன்."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"யாழ்ப்பாணம்," என்றார் அண்ணை.

டொக்டர் அதைத் தட்டச்சு செய்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. உண்மையாகவே அவர் மனதில் அதுதான் பதில். எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இருந்தது யாழ்ப்பாணம், இருப்பது லண்டன். வளைகுடா என்பது வீட்டுக்குக் காசு அனுப்பிய காலம், அவ்வளவுதான். அதை இருந்த இடம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே எடுத்த படங்களைக் கூட அல்பத்தில் ஒட்டுவதில்லை.

"அண்ணை, நடுவில?" என்றேன்.

"அது... அது சும்மா வேலைக்கு நிண்டது."

டொக்டரின் கை நின்றது. "எங்க நின்னீங்க?"

அண்ணை என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். முதலில் வேண்டாவெறுப்பாக. பாலைவனத்துக்குள் ரோட்டுப் போடுகிற கம்பனி. அவர் ஓட்டியது தண்ணீர் பவுசர், தொட்டி பூட்டிய லொறி. மண்ணும் கல்லும் ஏற்றிய லொறிகள் போகிற பாதையில் புழுதி எழும்பாமல் இருக்க, காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் தெளித்துக்கொண்டு போய் வருவதுதான் வேலை.

"அங்கத்தை வெயிலுக்கு நான் திரும்பி வாறதுக்குள்ளை காய்ஞ்சிடும் டொக்டர். பிறகும் தெளிக்கிறது. பிறகும் காயும். எல்லாருக்கும் புழுதியைப் படுக்க வைக்கிற ஆள் நான், என்ரை பவுசருக்கு ஜன்னல் கண்ணாடி பூட்டாது." சால்வையைத் தொட்டுக் காட்டினார். "இதைத்தான் நனைச்சு மூக்கைச் சுத்திக் கட்டுறது. அதுவும் காய்ஞ்சிடும்."

டொக்டர் கதிரையை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். புயல் அடிக்குமா, அப்போது என்ன செய்வீர்கள், எங்கே படுப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. அண்ணையும் இளகினார். மத்தியானத்தில் லைட் போட்டு ஓட்டிய நாட்களைச் சொன்னார். காற்று அடித்த இரவுகளில் தகரக் கொட்டகைக்குள் படுத்து எழும்பினால், தலை வைத்த இடம் மட்டும் தலையணையில் வெள்ளையாக இருக்கும், சுற்றி எல்லாம் மண் நிறம் என்று சொன்னார். அந்தத் தொழிலாளர் காம்பில் இருமாத ஆளே இல்லையாம்.

"இருமல் எப்ப ஆரம்பிச்சது?"

"போய் ரெண்டாம் வருஷமே."

எனக்கு நம்ப முடியவில்லை. "அப்ப ஏன் எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை? நீங்கள் கசெற்றில பேசி அனுப்புவீங்களே. நாங்கள் எல்லாரும் சுத்தியிருந்து கேப்பம். ஒரு நாளும் நீங்கள் இருமினது இல்லை."

"இருமல் வந்தால் நிப்பாட்டிப்போட்டு இருமுவன். பிறகு திரும்பப் போட்டுப் பேசுவன்."

கசெற்றில் நடுநடுவே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரெக்கோடரில் ஏதோ கோளாறு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அண்ணை என்று சொன்னால் அவர் குரலோடு சேர்ந்து அந்த 'டக்'கும் என் காதில் வரும். சில கசெற்றுகளில் அது நிறையத் தரம் வரும். அத்தனையும் இருமல்.

டொக்டர் கோட்டைக் காட்டி விளக்கினார். "பெரிய மணல் மூக்குலயே நின்னுடும், இல்ல சளியோட வெளிய வந்துடும். மாவு மாதிரி இருக்கறதுதான் நுரையீரல்ல அடி வரைக்கும் போகும். ரெண்டு நாள் போனா உடம்பு சமாளிச்சுக்கும். வருஷக்கணக்கா போனா, மூச்சுக்குழாய்க்கு உள்பக்கம் ஆறாத புண்ணு மாதிரியே இருக்கும். தடிச்சுப்போய்க் குறுகிடும். உங்களுக்கு ஆனது அதுதான்னு நான் நினைக்கிறேன்."

"அப்ப அது அந்தப் புழுதிதான்?" என்றேன் நான்.

"பெரும்பங்கு அதுவா இருக்கும். ஆனா லாரிப் புகை இருக்கு, பெட்ரோல் பங்க் இருக்கு, லண்டன் ரோடு இருக்கு. எது எந்த ஊர்த் தூசின்னு நுரையீரல்ல எழுதியா வச்சிருக்கும்? போனது திரும்பி வராது சார். இருக்கறதக் காப்பாத்தலாம். தினமும் இன்ஹேலர், குளிர் காலத்துக்கு முன்னாடி தடுப்பூசி, தூசி இருக்கற நாள்ல வெளிய வேலை வேணாம். அந்தச் சகாராத் தூசி வர்ற நாள்லயும்தான்."

நுணுக்குக்காட்டியில் நான் பிரிக்க முடியாமல் விட்டதை அவரும் அப்படியே விட்டது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. ஆனால் அண்ணைக்கு வேறு கேள்வி இருந்தது. அதைக் கேட்கத்தான் அவர் இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு இருந்தார் என்று நினைக்கிறேன்.

"நான் சங்கு ஊதலாமோ டொக்டர்?"

தேரையும் மூன்று ஊதலையும் விளக்கிச் சொன்னார். டொக்டர் சிரிக்காமல் கேட்டார். "ஊதலாம். மூச்சு வாங்கினா நிறுத்தணும். நிதானமா எடுத்துட்டு அப்புறம் ஊதணும்."

"தேருக்கு முன்னால நிப்பாட்ட ஏலாது."

"நீங்க ஊதின அப்புறம்தானே தேரே கிளம்பும்னு சொன்னீங்க? அப்ப காத்திருக்கட்டுமே."

திரும்பி வரும் ரயிலில், "அவவுக்கு என்ன தெரியும் கோவிலைப் பற்றி," என்று அண்ணை இரண்டு தரம் முணுமுணுத்தார். லண்டனுக்கு நான் வர டிக்கெட் எடுத்துத் தந்ததும், நான் படித்ததும், இன்றைக்கு ஆய்வுகூடத்தில் நின்று ஊர் உலகத்துத் தூசியைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் அந்தப் பவுசர் ஓட்டிய காசில்தான். எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்திருந்தும், அந்தக் காசோடு சேர்ந்து இவருக்குள் என்ன போனது என்று இவ்வளவு காலமும் யோசித்ததில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அண்ணை கண்டும் காணாதவர் மாதிரி இருந்தார்.

தேர் அன்று நல்ல வெயில். தெருவை மறித்திருந்தார்கள். பொலிஸ்காரர் இரண்டு பேர், மறிப்புக்கு அந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்ட பஸ் ஒன்று, வெறுங்காலோடு நூற்றுக்கணக்கான சனம். நான் பெண்கள் பக்க வடத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். என் கைப்பையில் இன்னொரு இன்ஹேலர் இருந்தது.

தேங்காய்கள் உடைந்தன. அண்ணை வெள்ளை வேட்டியோடு முன்னால் வந்து சங்கை எடுத்தார். முதலாவது நன்றாக வந்தது. இரண்டாவது சற்றுக் குறைவு, ஆனாலும் முழுதாக வந்தது. மூன்றாவதை எடுத்தார். எழும்பியது, எழும்பியது, பாதியில் நடுங்கி அறுந்தது.

தவில்காரர் தடியை உயர்த்தியபடி அண்ணையின் தலையைப் பார்த்தார். போன வருஷ ஏற்பாடு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அண்ணை அவரைப் பார்த்தார். பிறகு இல்லை என்று கையைக் காட்டினார். தவில்காரர் தடியை இறக்கினார். நாதஸ்வரமும் நின்றது. தெரு முழுக்க ஒரு சத்தம் இல்லை.

அந்த அமைதியில் அண்ணை இருமினார். சங்கை நெஞ்சோடு அணைத்து, மற்றக் கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, சாமிக்கு முன்னால், அத்தனை சனத்துக்கும் முன்னால் இருமினார். அடி வயிற்றிலிருந்து வந்த இருமல். அது நெடுநேரம் போனது. வடம் பிடித்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. எனக்குப் பின்னால் யாரோ "என்னவாம், ஏன் நிக்குது?" என்று கேட்டார்கள். பொலிஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் அண்ணை, யாரையும் குறித்துப் பாராமல். "மூச்சு எடுக்கவேணும்."

வேட்டி மடியிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். உறிஞ்சினார். நிமிர்ந்து நின்று, அவசரப்படாமல், தனக்கு வேண்டிய அளவு நேரம் எடுத்து மூச்சு விட்டார். தேர் காத்திருந்தது. சனம் காத்திருந்தது. மறிப்புக்கு அப்பால் அந்தப் பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது.

கசெற்றிலும் குழாய்ச் சத்தத்துக்குப் பின்னாலும் இத்தனை காலம் அவர் நிறுத்தி நிறுத்தி மறைத்து வைத்திருந்த இருமலை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை அன்றுதான் முதல் தடவையாக முழுதாகக் கேட்டேன். வடத்தைப் பிடித்தபடியே அழுதேன்.

பிறகு அண்ணை சங்கை வாயில் வைத்து மூன்றாவதைத் திரும்ப ஊதினார். அது சந்தி வரைக்கும் கேட்டிருக்காது. எங்களுக்குக் கேட்டது. வடத்தை இழுத்தோம்.